காந்தத் தகட்டைக் கடக்கும் அயனிகள்

ஐந்து மைக்ரான் கனமுள்ள இரும்புத் தகடு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஐந்து கூறு. ஒரு தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. ஒளியின் வேகத்தில் இருபதில் ஒரு பங்கு வேகத்தில், அதாவது வினாடிக்கு 15,000 கிலோமீட்டர் வேகத்தில், ஓர் அயனி இத்தகட்டினுள் புகுந்து மறுபுறம் வெளியேறுகிறது. ஒரு வினாடியை இலட்சம் கோடி கூறுகளாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுக்குப் பிக்கோ வினாடி என்று பெயர். அந்த அயனி இரும்பினுள் இருக்கும் காலம் ஒரு பிக்கோ வினாடியில் மூன்றில் ஒரு பங்கேயாகும்.

இத்துணைக் குறுகிய காலத்தில், அயனியின் நடுவேயுள்ள அணுக்கரு சில ஆயிரம் டெஸ்லா அளவுள்ள காந்தப்புலத்தை உணர்கிறது. மருத்துவமனைகளில் உடலின் உட்பகுதிகளைப் படமெடுக்கும் காந்தக் கருவிகளின் புலம் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லாவாகும். ஆய்வுக்கூடங்களில் தொடர்ந்து நிலைநிறுத்தப்படும் மிக வலிய புலம் 45 டெஸ்லாவை ஒட்டியது. ஆனால் இந்த இரும்புத் தகட்டைக் காந்தமாக்க ஒரு டெஸ்லாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புலம் தரும் சிறு மின்காந்தமே போதுமானதாக இருக்கிறது. அவ்வாறாயின் அந்த ஆயிரக்கணக்கான டெஸ்லா எங்கிருந்து வந்தது?

இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது. விடை பெரும்பாலும் கிடைத்துவிட்டது. ஆயினும் முழுமையாகக் கிடைத்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. அதற்கிடையே, விளங்காத இவ்விளைவையே ஒரு கருவியாகக் கொண்டு அணுக்கருக்களின் உள்ளமைப்பை அறிவியலார் அளந்து வந்துள்ளனர். தன் இயக்கம் முற்றிலும் விளங்காத கருவி தரும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? ஆய்வு மாணவர்க்கு மட்டுமின்றி, எண்களைக் கொண்டு முடிவெடுக்கும் எவர்க்கும் உரிய கேள்வி இது.

பம்பரமும் அணுக்கருவும்

எலெக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் ஆகிய மூன்றும் தற்சுழற்சி என்னும் பண்பை உடையவை. ஒரு நுண்துகள் உண்மையிலேயே உருண்டு சுழல்வதாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் அதற்கு ஓர் அச்சு உண்டு. அந்த அச்சின் வழியே அது ஒரு சிறு காந்தமாகவும் விளங்குகிறது. புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்தமைந்த அணுக்கருவும் பெரும்பாலான நிலைகளில் இவ்வாறே ஒரு சிறு காந்தமாகும்.

தெருவில் சிறுவர் விடும் பம்பரம் சற்றே சாய்ந்து சுழலும்போது உடனே விழுந்துவிடுவதில்லை. அதன் அச்சு மெல்லத் தலையாட்டிக்கொண்டு வட்டமிடுகிறது. காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட அணுக்கருவின் அச்சும் அவ்வாறே வட்டமிடுகிறது. வட்டமிடும் விரைவு இரண்டைப் பொறுத்தது. ஒன்று, புலத்தின் வலிமை. மற்றொன்று, அக்கருவுக்கே உரிய ஜி எண்.

ஜி எண்ணை அறிய அணுக்கரு இயற்பியலார் ஆர்வம் காட்டுவதற்குத் தக்க காரணம் உண்டு. கருவினுள் புரோட்டான் சுற்றிவருவதால் மட்டும் ஏற்படும் ஜி எண் 1. மின்னூட்டமில்லாத நியூட்ரான் சுற்றிவருவதால் ஏற்படுவது 0. தற்சுழற்சியால் ஏற்படும் பங்கு புரோட்டானுக்கு 5.586, நியூட்ரானுக்கு அது எதிர்க்குறியுடன் 3.826. எனவே ஒரு கருவின் குறிப்பிட்ட நிலைக்கு ஜி எண் எவ்வளவு, அதன் குறி கூட்டலா கழித்தலா என்று தெரிந்தால், அந்நிலையில் இயங்குபவை முதன்மையாகப் புரோட்டான்களா நியூட்ரான்களா என்பது புலனாகும். எல்லாத் துகள்களும் ஒருங்கே சேர்ந்து இயங்கினால், மொத்தத் துகள்களில் புரோட்டான்களின் விகிதத்தையொட்டி ஜி எண் அமையும். பல்லேடியம்-106 என்னும் கருவில் 106 துகள்களுள் 46 புரோட்டான்கள், விகிதம் 0.43. அதன் முதற் கிளர்நிலைக்கு அளந்து கண்ட ஜி எண் ஏறத்தாழ 0.40. இரண்டும் அருகருகே இருப்பதால், அந்நிலையில் கரு முழுவதும் ஒருங்கே இயங்குகிறது என்று கொள்ளலாம்.

அளப்பதில்தான் இடர்ப்பாடு. இத்தகைய கிளர்நிலைகள் பல, சில பிக்கோ வினாடிகளே நீடித்துக் காமாக் கதிரை உமிழ்ந்து அடங்கிவிடுகின்றன. கருக்களின் அச்சுகள் ஒழுங்குபட்டு நிற்கும்போது அக்கதிர் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் பரவாது. சில திசைகளில் மிகுந்தும் சில திசைகளில் குறைந்தும் வரும். அச்சு திரும்பினால் இப்பரவலும் உடன் திரும்பும். அத்திருப்பத்தை அளந்தால் ஜி எண்ணைக் கணக்கிடலாம். ஆனால் ஜி எண் 0.4 ஆகவுள்ள கரு, 2 டெஸ்லா புலத்தில் மூன்றில் ஒரு பங்கு பிக்கோ வினாடி இருந்தால் அதன் அச்சு திரும்புவது ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. எந்த உணர்கருவியும் அதைக் காண இயலாது. அதே காலத்தில் 3,000 டெஸ்லா புலம் செயற்பட்டால் திருப்பம் ஒரு பாகையைச் சற்றே கடக்கும். ஒரு பாகை சிறிதே. ஆயினும் பொறுமையுடன் அளக்கக்கூடியது. இந்த வேறுபாடே இத்துறையின் உயிர்நாடி.

ஒத்துவராத கணக்கு

காந்தப் பொருளின் ஊடே செல்லும் துகள் அப்பொருளிலிருந்து ஒழுங்குபட்ட எலெக்ட்ரானைப் பெற்றுக்கொள்ளக்கூடும் என்ற எண்ணம் புதிதன்று. எலெக்ட்ரான்களின் காந்த ஒத்திசைவை 1944 ஆம் ஆண்டில் கண்டறிந்த சோவியத் இயற்பியலறிஞர் சவோய்ஸ்கி, 1957 ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை முன்வைத்தார். காந்தமாக்கப்பட்ட தகட்டினூடே புரோட்டான்களைச் செலுத்தினால், வெளியேறும்போது அவை தற்சுழற்சி ஒருபுறம் மிகுந்த எலெக்ட்ரான்களைப் பற்றிக்கொண்டு ஹைட்ரஜன் அணுக்களாகும். அவ்வொழுங்கின் ஒரு பகுதி பின்னர்க் கருவுக்கும் செல்லும் என்பது அவர் கருத்து. தற்சுழற்சிகள் இவ்வாறு ஒரு திசை நோக்கி மிகுந்து நிற்பதையே இயற்பியலார் தற்சுழற்சி முனைவாக்கம் என்பர்.

ஆனால் வேக அயனிகளின் கதை இக்கருத்திலிருந்து நேராகப் பிறக்கவில்லை; ஒரு கணக்குப் பிசகிலிருந்து பிறந்தது. 1960-களில் முடுக்கிகளின் துணையால் கிளர்வுற்ற கருக்களை இரும்பினுள் பதியவைத்து ஜி எண்ணை அளக்கும் முறை பரவியது. இரும்பினுள் அடங்கி நிற்கும் அணுவின் கரு, சூழ்ந்துள்ள எலெக்ட்ரான்களால் ஒரு நிலையான உட்புலத்தை உணர்கிறது. இரும்பு அணுவுக்கே அது 33 டெஸ்லா அளவினது. திசையோ இரும்பின் காந்தமாக்கத்துக்கு நேர் எதிர். இந்த நிலையான புலத்தைக் கொண்டு திருப்பத்தைக் கணக்கிடுவதே அன்றைய வழக்கம்.

குறுகிய வாழ்நாள் உடைய நிலைகளில் இக்கணக்கு ஒத்துவரவில்லை. கண்ட திருப்பம் எதிர்பார்த்ததிலிருந்து வேறுபட்டது. உட்புலம் எதிர்த்திசையில் இருந்த இடங்களிலும் நேர்த்திசையில் ஒரு கூடுதல் திருப்பம் தலைகாட்டியது. அளவீட்டுப் பிழை என்று கூறி இதனை ஒதுக்கியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், போர்ச்சர்ஸ், ஹெர்ஸ்கிண்ட், குரோட்சின்ஸ், காலிஷ் முதலியோர் அடங்கிய குழு 1968 ஆம் ஆண்டில் அதனை ஒரு தனி விளைவாகவே எடுத்துரைத்தது. அயனி இரும்பினுள் வந்து அடங்கிய பின்னரன்றி, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வலிய புலம் அதன்மேல் செயற்படுகிறது. அயனி நின்றவுடன் அப்புலமும் மறைகிறது. இதுவே கணநேரக் காந்தப்புலம் என்று பெயர் பெற்றது.

ஒரு கோட்பாடும் அதன் எல்லையும்

இவ்விளைவுக்கு முதல் விரிவான விளக்கம் 1971 ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர்களான லிண்ட்ஹார்டு, விந்தர் ஆகியோரிடமிருந்து வந்தது. இரும்பில் உள்ள முனைவாக்கம் பெற்ற எலெக்ட்ரான்களை, நேர் மின்னூட்டமுள்ள அயனி ஓடும்போது தன்பால் ஈர்க்கிறது. அதனால் கருவின் இருப்பிடத்தில் அவ்வெலெக்ட்ரான்கள் நெருங்கித் திரள்கின்றன. அத்திரட்சியே பெரும் புலத்தைத் தருகிறது என்பது அவ்விளக்கம். அயனியின் வேகம் மிகுந்தால் எலெக்ட்ரான்கள் திரள்வதற்கு நேரம் குறையும். ஆகவே வேகம் கூடக் கூடப் புலம் தளர வேண்டும் என்பது அதன் முடிவு. மெதுவாகச் செல்லும் அயனிகளுக்கு இம்முடிவு ஓரளவு பொருந்தியது. பல ஆய்வாளர்கள் அதனையே தம் கணக்குகளுக்கு அடிப்படையாகக் கொண்டனர்.

1970-களின் நடுப்பகுதியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலிருந்த ஆய்வாளர்கள், இலேசான அயனிகளை மேலும் மிகுந்த வேகத்தில் இரும்பினூடே செலுத்தி அளந்தனர். கோட்பாட்டின்படி புலம் தளர்ந்திருக்க வேண்டும். மாறாக, அது கோட்பாடு கூறியதைவிடப் பன்மடங்கு வலிதாக இருந்தது. அன்றியும் வேகத்துடன் வளர்ந்து சென்றது. இவ்வளர்ச்சியை எலெக்ட்ரான்களின் திரட்சியால் விளக்க இயலவில்லை. அயனி தன்னுடன் எடுத்துச் செல்லும் எலெக்ட்ரான்களில்தான் காரணத்தைத் தேட வேண்டியதாயிற்று.

முனைவாக்கம் நிகழும் விதம்

இரும்பு அணுவில் 26 எலெக்ட்ரான்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இணை இணையாக எதிரெதிர்த் தற்சுழற்சியுடன் அமைந்து, ஒன்றன் காந்தத்தை மற்றொன்று ஈடுசெய்துவிடுகின்றன. காந்தமாக்கப்பட்ட இரும்பில் ஓர் அணுவுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2.2 எலெக்ட்ரான்களின் காந்தமே மிஞ்சி நிற்கிறது. குளிர்விக்கப்பட்ட கடோலினியத்தில் அணுவுக்கு 64 எலெக்ட்ரான்களுள் ஏழுக்குச் சற்று மேற்பட்டவற்றின் காந்தம் மிஞ்சுகிறது. முனைவாக்கத்துக்கு மூலதனம் இவ்வளவே.

இத்தகட்டினுள் விரையும் அயனி வழியெங்கும் அணுக்களோடு மோதுகிறது. ஒரு மோதலில் அதன் எலெக்ட்ரான் பறிபோகிறது. மற்றொரு மோதலில் வேறோர் எலெக்ட்ரான் வந்து சேர்கிறது. இவ்வாறு கொடுப்பதும் கொள்வதும் இடைவிடாது நடக்கும் நிலையில், அயனியின் உள்ளுறைகளில் ஒற்றை இடம் காலியாகவோ ஒற்றை எலெக்ட்ரான் துணையின்றியோ நிற்கும் வாய்ப்பு ஏற்படுகிறது. வந்து சேரும் எலெக்ட்ரான்களில் ஒரு திசைத் தற்சுழற்சி உடையவை சற்றே மிகுதி. ஏனெனில் அவை வருமிடத்தில் அவ்வகை மிகுதி. ஆகவே இணையற்று நிற்கும் எலெக்ட்ரானும் அத்திசை நோக்கிச் சற்று மிகுந்தே நிற்கிறது. இரும்பின் ஒழுங்கு இவ்வாறு அயனிக்குக் கைமாறுகிறது.

சிறிதளவே ஆன இம்மிகுதி ஆயிரக்கணக்கான டெஸ்லாவாக வளர்வது எங்ஙனம்? எஸ் வகை எலெக்ட்ரான்கள் கருவின் இருப்பிடத்திலேயே காணப்படும் வாய்ப்பு உடையவை. அத்தகைய எலெக்ட்ரான் ஒன்று, துணையின்றி நிற்குமாயின், கருவைத் தொட்டு நிற்கும் காந்தம் போன்றது. ஹைட்ரஜன் அணுவின் ஒற்றை எலெக்ட்ரான் கருவில் ஏற்படுத்தும் புலம் 16.7 டெஸ்லா. அணு எண் மிகுந்தால் எலெக்ட்ரான் கருவை மேலும் நெருங்குகிறது. புலம் அணு எண்ணின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. அணு எண் 8 ஆகவுள்ள ஆக்சிஜனில், உள்ளுறையில் ஒரே ஓர் எலெக்ட்ரான் மட்டும் இருந்தால், 512 மடங்கு, அதாவது ஏறத்தாழ 8,550 டெஸ்லா புலம் ஏற்படும். அணு எண் 12 ஆகவுள்ள மக்னீசியத்தில் அது 29,000 டெஸ்லாவை ஒட்டும். இருபுறமும் நோக்கும் எலெக்ட்ரான்கள் சம அளவில் இருந்தால் பல அயனிகளின் சராசரிப் புலம் சூன்யமாகிவிடும். சிறு விழுக்காடு மிகுதி இருந்தாலோ, அப்பெரும் புலத்தின் அச்சிறு விழுக்காடு எஞ்சும். அதுவே ஆயிரக்கணக்கான டெஸ்லாவாகும்.

வேகத்தின் பங்கும் இதனால் விளங்குகிறது. மெதுவாகச் செல்லும் அயனியில் உள்ளுறை நிரம்பியே இருக்கும். இணைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மிக விரைந்து செல்லும் அயனியில் எலெக்ட்ரான்கள் யாவும் கழன்றுவிடும். புலம் தருவதற்கு ஒன்றும் எஞ்சாது. இவ்விரண்டுக்கும் இடையே, அயனியின் வேகம் அதன் உள்ளுறை எலெக்ட்ரானின் வேகத்தை ஒட்டியிருக்கும்போது, ஒற்றை எலெக்ட்ரான் நிலை மிகுதியாக வாய்க்கிறது. புலமும் உச்சத்தை அடைகிறது. ஹைட்ரஜனில் எலெக்ட்ரானின் வேகம் வினாடிக்குச் சுமார் 2,190 கிலோமீட்டர். ஆக்சிஜனின் உள்ளுறைக்கு அதைப்போல் எட்டு மடங்கு, அதாவது சுமார் 17,500 கிலோமீட்டர். கனமான அயனிகளில் உள்ளுறையைத் திறக்கும் அளவு வேகம் பொதுவாகக் கிட்டாமையால், அடுத்தடுத்த உறைகளின் எஸ் வகை எலெக்ட்ரான்களே பெரும்பங்கு வகிக்கின்றன.

இங்கு ஒரு முடிச்சு எஞ்சி நிற்கிறது. இரும்பில் முனைவாக்கம் பெற்ற எலெக்ட்ரான்கள் அணுவின் வெளிப்பகுதியைச் சேர்ந்தவை, தளர்வாகப் பிணைந்தவை. அவை அயனியின் ஆழ்ந்த உள்ளுறைக்கு எவ்வாறு சென்று சேர்கின்றன? மோதும் கணத்தில் இரண்டு அணுக்களும் ஒரு மூலக்கூறுபோல் இணைந்து, எலெக்ட்ரான்கள் இடம் மாற வழி செய்கின்றன என்பது ஒரு விளக்கம். அயனியிடம் ஏற்கெனவே உள்ள எலெக்ட்ரானும் இரும்பின் எலெக்ட்ரானும் மோதும்போது தற்சுழற்சியை மாற்றிக்கொள்கின்றன என்பது மற்றொன்று. அடிப்படை விதிகளிலிருந்து தொடங்கி, எந்த அயனிக்கும் எந்த வேகத்திலும் புலம் இவ்வளவு என்று கூறவல்ல முழுக் கோட்பாடு இதுவரை உருவாகவில்லை.

சோதனை நடக்கும் முறை

கோட்பாடு முழுமை பெறாவிடினும் சோதனை முறை தெளிவானது. இலக்கு பல அடுக்குகளால் ஆனது. முதலடுக்கு பெரும்பாலும் கரிமம்; முடுக்கியிலிருந்து வரும் அயனிகள் அதில் மோதிக் கிளர்நிலை அடைகின்றன. அடுத்தது இரும்பு அல்லது கடோலினிய அடுக்கு. அதனைக் கடக்கும்போது கணநேரப் புலம் செயற்படுகிறது. இறுதியில் செம்பு போன்ற காந்தமற்ற அடுக்கு; அயனிகள் அதில் வந்து நிற்கின்றன. அங்கே நிலையான உட்புலம் இல்லாமையால், கடந்து வந்தபோது ஏற்பட்ட திருப்பம் கலப்படமின்றிக் காக்கப்படுகிறது. முன்னோக்கித் தெறிக்கும் கரிம அணுக்கள் ஓர் உணர்கருவியில் பதிவாகி, எந்த மோதல்கள் கணக்கில் சேரத் தக்கவை என்பதைக் காட்டுகின்றன. சுற்றிலும் பல கோணங்களில் அமைந்த உணர்கருவிகள் காமாக் கதிர்களை எண்ணுகின்றன.

சில நிமிடங்களுக்கு ஒரு முறை மின்காந்தத்தின் திசை புரட்டப்படுகிறது. புலம் மேல்நோக்கியிருக்கையில் பரவல் ஒருபுறம் திரும்புகிறது. கீழ்நோக்கியிருக்கையில் மறுபுறம் திரும்புகிறது. இரு நிலைகளின் எண்ணிக்கைகளை ஒப்பிடும்போது, உணர்கருவிகளின் திறமை வேறுபாடுகளும் அயனிக் கற்றையின் ஏற்றத்தாழ்வுகளும் பெரும்பாலும் கழிந்துவிடுகின்றன. திருப்பம் மட்டும் எஞ்சுகிறது.

கடோலினியத்தைப் பயன்படுத்துவோர் அதனைத் திரவ நைட்ரஜனின் துணையால் நன்கு குளிர்விக்கின்றனர். இரும்பின் காந்தத்தன்மை 770 பாகை செல்சியஸ் வரை நிலைக்கிறது. கடோலினியத்தினதோ 20 பாகையை ஒட்டியே மறைந்துவிடுகிறது. சாதாரண அறை வெப்பத்தில் அது பயன்படாது. அயனிக் கற்றையே தகட்டைச் சூடாக்கவும், அதன் காந்த ஒழுங்கைக் குலைக்கவும் கூடும் என்பதையும் ஆய்வாளர் கணக்கில் கொள்கின்றனர்.

அளவுகோலை அளப்பது எவ்வாறு?

திருப்பம் என்பது புலமும் ஜி எண்ணும் காலமும் சேர்ந்த பெருக்கம். காலம் தெரியும், திருப்பம் அளக்கப்பட்டது. புலம் தெரிந்தால்தான் ஜி எண் கிடைக்கும். புலத்தைக் கோட்பாட்டிலிருந்து பெற இயலாத நிலையில், வேறு முறையால் ஜி எண் முன்பே அறியப்பட்ட கருக்களைக் கொண்டு புலம் அளக்கப்படுகிறது. பின்னர் அப்புலத்தைக் கொண்டு அறியப்படாத கருக்களின் ஜி எண் அளக்கப்படுகிறது.

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980 ஆம் ஆண்டில் அத்தகைய அளவீடுகளைத் திரட்டி, ஓர் எளிய சூத்திரத்தில் அடக்கினர். புலம் அயனியின் அணு எண்ணின் 1.1 ஆம் அடுக்குக்கும், வேகத்தின் 0.45 ஆம் அடுக்குக்கும், தகட்டின் காந்தமாக்கத்துக்கும் ஏற்ப வளர்கிறது என்பது அதன் சாரம். இக்குழுவில் முன்னின்றவருள் ஒருவர் நோமி பென்சர்-கோல்லர். புகழ்பெற்ற இயற்பியலறிஞர் சியென்-ஷியுங் வூவின் மாணவி. கனடாவின் சாக் ரிவர் ஆய்வுக்கூடத்தினரும் தம் அளவீடுகளைக் கொண்டு வேறொரு சூத்திரத்தை உருவாக்கினர். இரண்டும் அனுபவத்திலிருந்து பெற்றவையேயன்றி அடிப்படை விதிகளிலிருந்து பெற்றவையல்ல. சூத்திரம் மாறினால் புலம் மாறும். புலம் மாறினால் அதிலிருந்து பெறும் ஜி எண்ணும் மாறும்.

மளிகைக் கடையில் எடைக்கல் ஐந்து விழுக்காடு குறைந்திருந்தால், அங்கு நிறுக்கப்பட்ட ஒவ்வொரு பொருளும் ஐந்து விழுக்காடு குறைந்தே இருக்கும். பொருள்களை எத்தனை முறை நிறுத்தாலும் பிழை வெளிப்படாது. எடைக்கல்லையே வேறொரு நம்பகமான கல்லுடன் ஒப்பிட வேண்டும். இத்துறையிலும் நிலைமை அதுவே. ஒரே தனிமத்தின் பல ஓரகத்தனிமங்களை ஒரே தகட்டில் ஒப்பிட்டால், அவற்றின் ஜி எண்களின் விகிதம் புலத்தின் பிழையால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. ஆகவே விகிதத்தை உறுதியாகக் கூறலாம். தனித்த மதிப்பைக் கூறும்போது அளவுகோலின் பிழையையும் சேர்த்தே கூற வேண்டும். நல்ல ஆய்வறிக்கைகள் இவ்விரண்டையும் பிரித்தே காட்டுகின்றன.

அத்தகைய நம்பகமான கல் ஒன்று 2015 ஆம் ஆண்டில் கிடைத்தது. பிரான்சு நாட்டின் ஓர்சே நகர முடுக்கியில் மக்னீசியம்-24 கருவின் முதற் கிளர்நிலை அளக்கப்பட்டது. இம்முறையில் காந்தத் தகடே இல்லை. ஒற்றை எலெக்ட்ரான் மட்டுமே எஞ்சிய மக்னீசிய அயனிகள் வெற்றிடத்தில் பறக்கவிடப்பட்டன. அவ்வெலெக்ட்ரானின் புலம் சுமார் 29,000 டெஸ்லா என்பது அணுக் கோட்பாட்டிலிருந்தே துல்லியமாகக் கிடைத்தது. அனுபவச் சூத்திரம் வேண்டியிருக்கவில்லை. இரண்டு தகடுகளுக்கிடையே உள்ள தொலைவைச் சிறிது சிறிதாக மாற்றி, எலெக்ட்ரானும் கருவும் ஒன்றையொன்று சுற்றித் தலையாட்டும் தாளத்தை ஆய்வாளர் பதிவு செய்தனர். கிடைத்த ஜி எண் 0.538, பிழை 0.013. இதுபோன்ற அளவீடுகள் பெருகப் பெருக, கணநேரப் புலத்தின் அளவுகோலும் சீர்படும்.

அரிய கருக்களின் செய்தி

இம்முறை வாழ்நாள் குறைந்த நிலைகளுக்கு மட்டுமின்றி, இயற்கையில் கிடைக்காத கதிரியக்கக் கருக்களுக்கும் பயன்பட்டுள்ளது. 2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக முடுக்கியில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டச்பெரி முதலியோரின் பங்கேற்புடன் கந்தகம்-38, கந்தகம்-40 ஆகிய அயனிகள் இரும்பினூடே செலுத்தி அளக்கப்பட்டன. இயற்கைக் கந்தகத்தில் பெரும்பகுதியாகவுள்ள கந்தகம்-32 இல் 16 புரோட்டான்களும் 16 நியூட்ரான்களும் உள்ளன. கந்தகம்-40 இலோ நியூட்ரான்கள் 24.

கந்தகம்-40 உருத்திரிந்த, ஒருங்கே இயங்கும் கரு என்பதற்கு வேறு அளவீடுகள் சான்று தந்திருந்தன. அவ்வாறாயின் அதன் ஜி எண் 0.4 ஐ ஒட்டியிருக்க வேண்டும். கண்டதோ சூன்யத்தை ஒட்டிய மதிப்பு. நியூட்ரான்களின் பங்கு எளிய சித்திரம் கூறுவதைவிட வலிது என்பதை இது காட்டியது. மிகச் சிறிய கற்றையைக் கொண்டு, பெரும் பிழை எல்லையுடன் பெற்ற எண்ணே அது. ஆயினும் 0.4 க்கும் சூன்யத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட அத்துல்லியம் போதுமானதாக இருந்தது. கேள்வி எவ்வளவு துல்லியத்தை வேண்டுகிறது என்பதை முன்கூட்டியே அறிந்து சோதனையை அமைத்தால், சிறிய வசதியும் பெரிய விடையைத் தரும்.

இந்தியாவின் வசதிகள்

இத்தகைய ஆய்வுகளுக்கு மிகப் பெரும் முடுக்கிகள்தாம் வேண்டுமென்பதில்லை. வினாடிக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கிலோமீட்டர் வேகம் தரும் நடுத்தர முடுக்கிகளே பெரும்பாலும் போதுமானவை. இந்தியாவில் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் 1977 ஆம் ஆண்டில் முதற் கற்றையைத் தந்தது. மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் இணைந்து அமைத்த பெல்லெட்ரான் 1988 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. புதுதில்லியில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவில் 1984 ஆம் ஆண்டில் அணு அறிவியல் மையம் நிறுவப்பட்டது. அது இன்று பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் எனப்படுகிறது. அதன் 15 மில்லியன் வோல்ட் பெல்லெட்ரான் 1990-களின் தொடக்கத்திலிருந்து பல மாநிலங்களின் பல்கலைக்கழக மாணவர்க்கு அயனிக் கற்றைகளை வழங்கி வருகிறது. தனியொரு பல்கலைக்கழகம் வாங்கிப் பேண இயலாத கருவியைப் பல பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது.

முடுக்கி மட்டும் போதாது. சில மைக்ரான் கனத்தில் சீரான இரும்புத் தகடு உருட்டத் தெரிந்த கைகள் வேண்டும். கடோலினியத்தைச் செம்புடன் பிரியாது ஒட்டவைக்கும் திறன் வேண்டும். தகட்டின் காந்தமாக்கத்தைத் தனியே அளந்து பார்க்கும் கருவி வேண்டும். திரவ நைட்ரஜன் தடையின்றி வர வேண்டும். பல நாள் இரவு பகலாகத் தொடரும் அளவீட்டுக்கு மின்சாரம் தடைப்படாதிருக்க வேண்டும். இவற்றுள் எதுவும் செய்தித்தாள்களில் இடம்பெறுவதில்லை. ஆனால் ஒரு பாகைத் திருப்பம் நம்பத் தக்கதா அன்றா என்பது இவற்றையே சார்ந்தது. நிதி ஒதுக்குவோர் பெருங்கருவியின் விலையோடு இச்சிறு செலவுகளையும் சேர்த்து நோக்குதல் நன்று.

ஒரு பாடம்

1968 ஆம் ஆண்டில் தலைகாட்டிய கூடுதல் திருப்பம், அன்றைய கணக்குக்கு இடையூறாகவே தோன்றியது. ஒத்துவராத எண்ணை மறைக்காமல் வெளியிட்டதனால் ஒரு புதிய விளைவு அறியப்பட்டது. அதனை விளக்கிய கோட்பாடு, உயர் வேகங்களில் பொருந்தாதபோது அதுவும் மறைக்கப்படவில்லை; அதனால் எலெக்ட்ரான்கள் முனைவாக்கம் பெறும் உண்மை வழி புலனாயிற்று. முழு விளக்கம் கிட்டாதபோதும் ஆய்வு நின்றுவிடவில்லை. அளவுகோலின் குறையை வெளிப்படையாகக் கூறி, அதனைத் திருத்தும் வழிகளையும் தேடிக்கொண்டே அளவீடுகள் தொடர்ந்தன.

ஒரு மாணவர் தம் ஆய்வேட்டில் எழுதும் எண்ணாயினும், ஓர் அலுவலகம் தன் ஆண்டறிக்கையில் வெளியிடும் எண்ணாயினும், அதனுடன் அதன் பிழை எல்லையும் அது பெறப்பட்ட அளவுகோலும் கூறப்படும்போதுதான் பிறர் அதனைச் சோதிக்கவும் திருத்தவும் இயலும். இரும்புத் தகட்டினுள் ஒரு பிக்கோ வினாடிக்கும் குறைவாகவே தங்கும் அயனிகளைக் கொண்டு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இம்முயற்சி, அவ்வாறு கூறப்பட்ட எண்களின் மீதே எழுப்பப்பட்டது.